பதினான்கு பேர்

மார்ச்சில் சொன்னேன்:
டிசம்பருக்குள் பதினான்கு பேர் விலகுவார்கள்.
பெயர் குறித்தே சொன்னேன்,
தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வைத்து.

பாயான் லெப்பாஸ், நான்காம் மாடி,
சால்வை போர்த்தி உட்கார வேண்டிய குளிர் அறை.
என் கணக்குக்குத் தெரிந்தவை:
வீட்டுக்கும் வாயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர்,
ஆண்டுக்கு எத்தனை எம்சி,
எந்தெந்தத் திங்கட்கிழமை தாமதம்,
இதற்கு முன் எத்தனை இடம் மாறியது,
சேர்ந்த மாதம் சூப்பர்வைசர் போட்ட மதிப்பெண்.
பாலம் கடந்து வருகிறவர்கள்
பதினெட்டு மாதம் தாங்குவதில்லை என்றது அது.
நிபோங் திபாலில் பிறந்து
தீவில் காண்டோ வாங்கிவிட்ட நானும்
ஆமாம் போட்டேன்.

நிதிப் பிரிவின் மிஸ்டர் கூ
பதினான்கு சம்பளத்தையும் அன்றே கழித்துவிட்டார்.
அந்தப் பணத்தில் ஒரு சோதனை இயந்திரம் வந்தது,
ஜெர்மனியிலிருந்து, மரப்பெட்டியில்.
ஆறு புது ஆட்களும் வந்தார்கள்.
அவர்களை வடிகட்டியதும் நான்தான்,
தொண்ணூறுக்குக் கீழே ஒருவரையும் விடாமல்.

ஜூன். யாரும் போகவில்லை.
ஆகஸ்ட். புஸ்பலீலா, பட்டியலில் முதல் பெயர்,
பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்பது,
இரவு ஷிஃப்ட் முடிந்து மழைக்கோட்டோடு
பஸ்ஸில் தூங்கிப் போனாள்.
மறுநாளும் வந்தாள்.
லெட்சுமணராவ் முழங்காலில் கட்டோடு வந்தார்.
நோர்ஹயாத்தி பிள்ளை பெற்றாள்,
தொண்ணூற்றெட்டு நாள் விடுப்பு,
தொண்ணூற்றொன்பதாம் நாள் காலை தன் மேசையில் இருந்தாள்.
தீபாவளிக்கு முந்தின வாரம் வருகைப் பதிவைத் திறந்தால்
பதினான்கு வரியும் பச்சை.

போனது ஒருவன்தான், கவிஷன்.
தொண்ணூற்றாறு பெற்று உள்ளே வந்தவன்.
வீடு ரெலாவில், நினைத்தால் நடந்தே வரலாம்.
மூன்றாம் வாரம் அடையாள அட்டையைக்
காவலாளியிடம் கொடுத்துவிட்டு
சிங்கப்பூர் பஸ் ஏறிவிட்டான்.

நவம்பர் கூட்டத்தில் கூ சொன்னார்:
ஆள் இருக்கிறது, காசு இல்லை.
ஏதோ நான் பதினான்கு பேரை
வீட்டில் ஒளித்து வைத்திருந்து
அன்று காலை அழைத்து வந்ததுபோல் பார்த்தார்.
திரையில் சிவப்பாய் ஒரு தொகை.
அதைப் பதினான்கால் வகுத்துப் பார்த்தேன்.
ஒரு மனிதர் போகாமல் இருந்ததற்கான விலை,
சென் வரை சுத்தமாக வந்தது.

மனிதவளத் தலைவிக்கு மெல்லிய குரல்.
கணிப்பில் தவறில்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவே.
அந்தப் பதினான்கு பேருக்கு ஓவர்டைம் குறைத்தால்,
அடிக்கடி ஷிஃப்டை மாற்றிப் போட்டால்,
பட்டர்வொர்த் பஸ்ஸை ஆறு மணியிலிருந்து
நாலே முக்காலுக்கு நகர்த்தினால்...
நாம் யாரையும் நீக்க வேண்டியதில்லை.
பட்டியலை மட்டும் இன்னொரு முறை அனுப்பிவிடு.

எல்லோரும் தலையசைத்தார்கள்.
பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது.
நானும் ஒன்று எடுத்தேன்.

இரவு தனியாக உட்கார்ந்து எழுதினேன்:
என் கணிப்பு பிழையானது, பயன்படுத்த வேண்டாம்.
அழித்தேன். திரும்ப எழுதினேன்.
பிழை எத்தனை சதவீதம் என்று கேட்பார்களே என்று
அதையும் கணக்கிட்டு இணைத்தேன். பழக்கதோஷம்.
பட்டியலை இணைக்கவில்லை.
அனுப்பும்போது மணி பத்தே முக்கால்,
கீழே ஷிஃப்ட் மாறுகிற நேரம்.

வாயிலில் அட்டைகள் டிக் டிக்கென்றன.
கூட்டத்துக்குள் புஸ்பலீலா எனக்கு வழிவிட்டு
லேசாகச் சிரித்தாள்.
நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.
அவளுடைய திங்கட்கிழமைகள் எல்லாம்
எனக்குத் தெரியும்.

அந்த மெயிலில் ஒன்றை எழுதாமல் விட்டேன்.
சிவப்புத் தொகையை வேறு மாதிரியும் வகுக்கலாம்:
என் ஒரு சம்பளத்தில்
இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர்கள்
மூன்றரைப் பேர் அடங்குவார்கள்.
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.